தப்பாகப் பார்த்துவிட்டேன்

பேஸ்பால் எனக்குத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நாலு பந்து சரியில்லை என்றால்
அடிக்காமலே நடந்து போகலாம் என்பதுகூட
அவர் சொல்லித்தான் தெரியும்.

ஈரி ஏரிக் கரை. மாவட்ட ஆஸ்பத்திரியின் அடித்தளம்.
துணி வெளுக்கும் இடம், இரண்டாம் ஷிஃப்ட்.
ட்ரையர்கள் ஒன்பது, அதில் ஆறாவது இருமும்.
சோப்புத்தூள் அலமாரியின் மேல்தட்டில் ரேடியோ,
ஏரியல் ஒடிந்த இடத்தில்
கோட் மாட்டும் கம்பியைச் செருகியிருந்தோம்.
ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை
ஆர்லோ வென்ட்லிங் அங்கேதான் குடியிருந்தார்.

நாற்பத்து மூன்று சீசன் பேசிய குரல்.
தேன் என்று சொல்லமாட்டேன், வெண்கலமும் இல்லை.
சட்டைப்பையில் சாவி தேடுகிறவரின் குரல்:
கிடைத்துவிடும், அவசரமில்லை.

ஹெரன்ஸ் அணி தோற்கும். அது அதன் வழக்கம்.
பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்கிற ராத்திரியிலும்
எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பையன் ஷூ லேஸ் கட்டுவதை
முழுசாகச் சொல்வார்.
இடது ஷூ. இரண்டு முடிச்சு.
ஏரிக்காற்று வந்து கொடியைத் தட்டி எழுப்புகிறது.
மூன்றாம் வரிசையில் ஒரு அம்மாள்
வெள்ளை உடுப்பில் கடுகு சாஸ் கொட்டிக்கொண்டாள், பாவம்.
"பெராக்ஸைடு போடச் சொல்லுங்கள்!" என்று
டெல்மா ஃபிராஸ்ட் ரேடியோவைப் பார்த்துக் கத்துவாள்.
கறை எங்கள் பிழைப்பு.

"நாம்" என்று ஒருநாளும் சொன்னதில்லை அவர்.
எதிரணிப் பையன் நன்றாக ஓடினால்
நன்றாக ஓடினான், அவ்வளவுதான்.
யாராவது பெரிதாக அடித்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்.
மைதானத்துச் சத்தம் நேராக எங்களிடம் வரும்.
ஒருமுறை எண்ணினேன்:
அவர் அடுத்த வார்த்தை சொல்வதற்குள்
பதினேழு தலையணை உறை மடித்திருந்தேன்.
பேசச் சம்பளம் வாங்குகிறவர்!

அப்புறம் அந்த ஆகஸ்ட்.
ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட்,
நாலுக்கு மூன்று என்று பின்தங்கி, முதல் பேஸில் ஒருத்தன்.
பிச்சார்டோ அடித்தான்.
"உயரம். இன்னும் உயரம். இடது பக்கம், சுவரைத் தாண்டி,
போய்விட்டது!"
டெல்மா ஈரப் போர்வையை விட்டத்துக்கு எறிந்தாள்.
ஒக்ராஸின்ஸ்கி ட்ரையரை உதைத்து ஆடினான்.

கூட்டத்தின் சத்தம் மட்டும்
பாதிப் படி ஏறி, நின்று, இறங்கியது.
இந்தமுறை அவர் மௌனம் வேறு மாதிரி.
ஒரே ஒரு தலையணை உறை. அதையும் கோணலாக மடித்தேன்.

"இல்லை" என்றார்.
"தப்பாகப் பார்த்துவிட்டேன்.
பந்து சுவரோரம் அந்தப் பையனின் கையுறையில் இருக்கிறது.
காற்றின்மேல் பழி போடலாம், ஆனால் காற்றே இல்லை. என் கண்தான்.
பிச்சார்டோ இரண்டாவது பேஸ் பக்கம் நின்று
என்னைப் போலவே பார்த்துக்கொண்டிருக்கிறான்.
நாலுக்கு மூன்று. ஆட்டம் முடிந்தது."

பத்திரிகையில் எழுதினார்கள், கிழவர் போகலாம் என்று.
எழுதட்டும்.
என் தலைக்கு மேல் ஐந்து மாடி.
பத்தொன்பது வருஷம் அவர்கள் வேர்வையைத் துவைத்திருக்கிறேன்.
அந்த மூன்று வார்த்தையை
அங்கிருந்து யாரும் இறங்கி வந்து சொன்னதில்லை,
என் தம்பியின் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் உட்பட.

மறுநாள் ஏழு ஐந்துக்கு ரேடியோ கரகரத்தது.
"மேகமூட்டம்" என்றார். "புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன்,
மூக்கை உறுத்துகிறது.
முதல் பந்து... வெளியே.
வெளியே என்றுதான் நினைக்கிறேன்."

ஒக்ராஸின்ஸ்கி சிரித்தான்.
டெல்மா சிரிக்கவில்லை, எழுந்து போய்
ஆறாவது ட்ரையரை நிறுத்தினாள்,
உள்ளே பாதி ஈரத்தோடு துணி கிடக்க.